ஓடை வளைவில் வைத்த சீட்டு

மே 4

சூடாக்காவுக்கு,

வந்து சேர்ந்து பதினொரு நாள் ஆகிவிட்டது. ஊர்ப் பெயரை எழுதக் கூடாது. மலை, காடு, மழை என்ற மூன்றையும் எழுதினால் தப்பில்லை என்று நினைக்கிறேன். ஃபோனைக் கீழே பேஸ் முகாமிலேயே வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள். வாரம் ஒருமுறை ரேஷன் வண்டி மேலே வரும், அதில்தான் தபால் வரும், போகும். வாட்ஸப்பில் கட்டைவிரலைக் காட்டித் தப்பிக்கிற உன் வேலை இனிமேல் நடக்காது. உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும்.

இந்தச் சாவடியில் முப்பது பேர். எல்லோருக்கும் நான்தான் பொறுப்பு. நம் வீட்டில் ஒரு பூனையைக்கூடப் பொறுப்பாக வளர்க்கத் தெரியாதவனிடம் முப்பது பேரைக் கொடுத்திருக்கிறார்கள் என்று நீ சொல்வாய். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மாடி அறையில் நம் விளையாட்டு மேஜை சும்மாதானே கிடக்கிறது? தபாலிலேயே ஆடலாம். கற்பனைக் கிராமம் ஒன்று வரைந்து அனுப்பியிருக்கிறேன். நடுவில் ஓட்டுக் கூரை போன பள்ளிக்கூடம், அதைச் சுற்றிப் பன்னிரண்டு வீடு. ஊருக்குள் போக இரண்டே வழி. ஒன்று மேட்டு வழி. இன்னொன்று ஓடைக்குள் இறங்கி, வளைந்து ஏறும் வழி. என் பக்கம் எட்டுச் சிப்பாய்கள். உன் பக்கம் கிளர்ச்சிக்காரர்கள், எத்தனை பேர் என்று எனக்குச் சொல்லாதே. எந்த வழியில் வருகிறேன், சுட்டால் என்ன செய்வேன் என்பதை முழுக்க எழுதி அனுப்புவேன். அதைப் பிரிப்பதற்கு முன்னாலேயே நீ உன் ஆட்களை ஒளித்து வைத்து, புதைக்கிற குண்டு எங்கே என்று ஒரு சீட்டில் எழுதி உறையில் ஒட்டிவிட வேண்டும். பிறகு பகடையை உருட்டி, நடந்ததை நடந்தபடி எழுது.

என்மேல் இரக்கம் காட்டாதே. என்னைக் கொல்லப் பார். எட்டுப் பொம்மைக்கும் இங்கே என்னோடு இருக்கிறவர்கள் பெயரையே வைத்துவிட்டேன், பட்டியல் பின்னால் இருக்கிறது. முன்னால் போகிறவன் பால்பாண்டி. மீசை பெரிது, இடது காதில் ஒரு வெட்டு. உன் மெல்லிய பிரஷ்ஷுக்கு நல்ல வேலை.

அப்பாவிடம் இங்கே ஏ.சி. அறை என்று சொல்லி வை.

வெங்கிட்டு


வலியசாலை
மே 16

டேய் வெங்கிட்டு,

உன் கிராமம் பிறந்துவிட்டது. நான் வேலை பார்க்கிற பல் செட் லேபில் மிஞ்சிய பிளாஸ்டர் எல்லாம் மேடாக மாறிவிட்டது. கிள்ளிப்பாலம் வரைக்கும் கையில் வெள்ளைப் பொடியோடுதான் நடக்கிறேன். ஓடைக்குப் பசை ஊற்றிப் பளபளவென்று ஆக்கியிருக்கிறேன். அப்பா மாடி ஏறி வந்து பார்த்துவிட்டு, "ஏண்டி, மனுஷா நவராத்திரிக்குத்தான் கொலு வைப்பா, நீ வருஷம் பூரா வைக்கறயே" என்றார். கட்டைவிரல் உயரப் பொம்மைகள், கையில் துப்பாக்கி. கொலுவில் வைத்தால் சுண்டல்கூட யாரும் வாங்க வர மாட்டார்கள்.

மேட்டு வழியாக வந்தாய். சமர்த்து. மூன்றாவது நகர்விலேயே பள்ளிக்கூடத்து மாடியிலிருந்து என் ஆட்கள் சுட்டார்கள். சுவாமிதாஸ் காலி, பால்பாண்டி காலி. மற்ற ஆறு பேரும் பாறைக்குப் பின்னால் படுத்தே கிடந்து இருட்டும்வரை நகரவில்லை. ஆட்டம் எனக்கு.

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதினேன். இனி சிரிப்பில்லை. விழுந்த இருவரையும் வழக்கம்போல் மேஜைமேலேயே சாய்த்து வைத்திருந்தேன். அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும், விழிஞ்ஞம் துறைமுகக் கேன்டீனில் வேலையாம். அப்பா அம்மா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து துறைமுகக் கட்டட வேலைக்கு வந்தவர்கள். பெயர் கலைச்செல்வி. இங்கேயே வளர்ந்ததால் தமிழில் மலையாளம் கலந்து பேசுகிறாள். "பால்பாண்டியோட வீட்டுக்காரியாக்கும். ஏதாச்சும் அறியணும்னா சாரோட அக்காவைப் போய்ப் பாருன்னு எழுதியிருந்தாரு" என்றாள். நானும் பெருமையாக மாடிக்குக் கூட்டிப்போய் மேஜையைக் காட்டினேன். பெருமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு என்னை உதாரணம் சொல்லலாம்.

அவள் நேரே அந்தப் பொம்மையைத்தான் பார்த்தாள். மீசை, காதில் வெட்டு, எல்லாம் நான் தீட்டியது. "சேச்சி, இது அவரு அல்லே? எதுக்கு சேச்சி படுக்க வச்சிருக்கீங்க?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்து, வெறும் விளையாட்டு என்று பத்துமுறை சொன்னேன். தலையை ஆட்டினாள். போகும்போது அவளே பொம்மையை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் ஞாயிறும் வந்தாள், அது நின்றுகொண்டுதான் இருக்கிறதா என்று பார்க்க.

நீ எதற்கடா உயிரோடு இருக்கிறவர்கள் பெயரை வைத்தாய்?

சூடாமணி


மே 26

சூடாக்காவுக்கு,

அந்தப் பெண்ணுக்கு மேஜையைக் காட்டியிருக்கக் கூடாது. இனிமேல் அவள் வந்தால் கீழேயே காப்பி கொடுத்து அனுப்பிவிடு. பால்பாண்டியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவன் நல்லபடியாக இருக்கிறான். நேற்று பரோட்டா போடுகிறேன் என்று அடுப்பையே உடைத்தான். அவளிடம் அதைச் சொல்.

பெயரை மாற்ற மாட்டேன். பெயர் இல்லாவிட்டால் நான் கவனமாக யோசிக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

மேட்டு வழியில் நான் செய்தது முட்டாள்தனம். பள்ளிக்கூடத்திலிருந்து மேடு முழுக்கத் தெரிகிறது. இந்த முறை ஓடைக்குள் இறங்குகிறேன், உள்ளே இருக்கிற உறை அதற்குத்தான். உன் ஆட்களையும் குண்டையும் வைத்து முடித்த பிறகு பிரி.

இங்கே ஒரு வாரமாகக் குழந்தைகள் பிஸ்கட் கேட்டு வருவதில்லை. முன்பெல்லாம் கம்பி வேலிக்கு வெளியே நின்று கத்தும். என்ன காரணம் என்று கேட்டால் யாரும் சொல்வதில்லை. மழையாக இருக்கலாம்.

வெங்கிட்டு


வலியசாலை
ஜூன் 7

வெங்கிட்டு,

ஓடை வழியாக வந்தாய். எட்டுப் பேரும் ஒரு கீறல் இல்லாமல் ஊருக்குள் போய்விட்டார்கள். என் ஆட்கள் இரண்டு தடவை சுட்டார்கள், படவில்லை. குண்டைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புதைத்திருந்தேன். நீ அந்தப் பக்கமே வரவில்லை. ஆட்டம் உனக்கு. இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

கலைச்செல்வி ஞாயிறு தவறாமல் வருகிறாள். கீழேயே உட்கார வைக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றியதும் நேரே மாடிக்குத்தான். நான் பகடை உருட்டும்போதும் பக்கத்திலேயே இருந்தாள். பரோட்டாக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அங்கேயும் உடைச்சாரா" என்றாள்.

அப்பாவுக்குக் காதில் மெஷின் வைக்கச் சொன்னார்கள், மாட்டேன் என்கிறார். லேபில் வேலை அதிகம். மழைக்கோட்டு போட்டுக்கொள்.

சூடாமணி


ஜூன் 17

சூடாக்காவுக்கு,

நீ எழுதிய கடிதத்திலேயே இதுதான் சின்னது. தோற்றால் நான்கு பக்கம் திட்டுவாயே, என்ன ஆயிற்று?

ஒரு சந்தேகம். ஓடை வளைகிற இடத்தில் தட்டையான பாறை ஒன்று வரைந்திருந்தேன். ஏறுகிறவன் யாராக இருந்தாலும் அதில்தான் கால் வைக்க வேண்டும். குண்டை அதன்கீழ் வைக்காமல் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஏன் வைத்தாய்? நீ அவ்வளவு மந்தம் இல்லை. சின்ன வயதில் என் மிட்டாயை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடித்தவள் நீ. எதிரி மாதிரி யோசிக்க எனக்கு உன்னை விட்டால் ஆள் கிடையாது.

இன்னும் இரண்டு ஆட்டம் ஆடு. இரண்டிலும் ஓடை வழிதான், நேரம் மட்டும் மாற்றியிருக்கிறேன். விட்டுக்கொடுக்காதே. உன்னால் எங்கே முடியுமோ அங்கே அடி.

இரவில் இங்கே நாய்கள் குரைப்பதில்லை. எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. இதை அப்பாவிடம் சொல்லாதே.

வெங்கிட்டு


வலியசாலை
ஜூன் 27

வெங்கிட்டு,

இரண்டு ஆட்டமும் முடிந்தது. இரண்டிலும் பிழைத்தாய். பாறையை நீ எதிர்பார்ப்பாய் என்றுதான் அங்கே வைக்கவில்லை, போதுமா? குறுக்கு விசாரணை பண்ணாதே.

எனக்கும் ஒரு கேள்வி உண்டு. பால்பாண்டி வீட்டுக்கு எழுதிய கடிதத்தைக் கலைச்செல்வி கொண்டுவந்து காட்டினாள். பாதி வாசிக்கத் தந்தாள், பாதியை மடித்துக்கொண்டாள். அதில், 'சாவடியிலிருந்து பார்த்தால் கூரை இல்லாத ஒரு பள்ளிக்கூடம் தெரியும், பன்னிரண்டே வீடுள்ள ஊர், நம்ம தெருவைவிடச் சின்னது' என்று இருந்தது. அவள் மேஜையைப் பார்த்தாள், வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். "சேச்சி, இது அந்த ஊரு தானே?" என்றாள்.

கற்பனை என்றுதானே எழுதினாய்? ஒரே ஊரை எதற்கு நான்கு தடவை ஆடச் சொல்கிறாய்? உண்மையைச் சொல். ஏ.சி. அறைக் கதையெல்லாம் அப்பாவோடு நிற்கட்டும்.

சூடாமணி


ஜூலை 4

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. இங்கே என்னோடு இருக்கிற ஸ்ரீஜித் நம் பக்கத்து வித்துராக்காரன், லீவில் வருகிறான், அவன் கையில் கொடுக்கிறேன். உன் அடுத்த கடிதம் இன்னும் வரவில்லை, அந்த இரண்டு ஆட்டத்தின் முடிவை மட்டும் தெரிந்துகொண்டேன். அதுவும் நல்லவேளையாகப் பால்பாண்டி மூலம். கலைச்செல்வி கீழே பேஸ் நம்பருக்கு அழைத்து, 'ரெண்டு தடவையும் ஓடையில் பத்திரமாய்ப் போனாங்க' என்று அவனுக்குச் சேதி விட்டிருக்கிறாள். ஆபரேட்டருக்கு ஒன்றும் புரியவில்லையாம். பால்பாண்டி என்னிடம் வந்து, "சார், நம்ம ஜெயிச்சிட்டோமாம்" என்றான்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். நான் வரைந்து அனுப்பியது உண்மையான ஊர்தான். அளவுகூட மாற்றவில்லை. இப்படி எழுதுவது எவ்வளவு பெரிய தப்பு என்று தெரியும். இந்தக் காகிதம் யார் கையிலாவது கிடைத்தால் என் சட்டையிலிருந்து நட்சத்திரத்தைக் கழற்றிவிடுவார்கள். படித்ததும் எரித்துவிடு.

12ஆம் தேதி அந்த ஊரில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட டாக்டர் வருகிறார். அதற்கு முன்னால் விடியற்காலையில் எட்டுப் பேரோடு நான் போய் வழியைப் பார்த்துவிட வேண்டும். எந்த வழி என்பதை முடிவு செய்வது நான்தான். மூன்று வாரமாக இதே யோசனை. மேடா, ஓடையா? எனக்கு அடுத்த பொறுப்பில் இருக்கிற சுவாமிதாஸ் மேடு என்கிறான். ஓடைக்குள் கண்ணிவெடி தேடுகிற கருவி எல்லாக் கல்லுக்கும் கத்துகிறது, அதை நம்ப முடியாது என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பயமாக இருக்கிறது அக்கா. என் உயிருக்கு மட்டும் என்றால் இவ்வளவு பயப்பட மாட்டேன்.

கடைசியில் ஓடை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். காரணம் நீ. உன்னைப்போல் ஒருத்தி மூன்று தடவை முழு மூளையும் போட்டு யோசித்தும் ஓடையில் என்னைத் தடுக்க முடியவில்லை. அது போதும் எனக்கு.

வெங்கிட்டு


வலியசாலை
ஜூலை 8, சாயங்காலம்

என் கண்ணே வெங்கிட்டு,

இந்தக் கடிதம் 12க்குள் உன்னிடம் வராது. வராது என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

நான் ஏமாற்றினேன். ஓடை வழியாக நீ வந்த மூன்று ஆட்டத்திலும் ஏமாற்றினேன். நீ கேட்டாயே, அந்தத் தட்டைப் பாறை, முதல் ஆட்டத்திலேயே குண்டை அதன்கீழ்தான் வைத்தேன். வேறு எங்கே வைப்பேன்? அதைப் பார்த்த நிமிஷமே, யாராக இருந்தாலும் இங்கேதான் வைப்பான் என்று தோன்றியது. சீட்டெழுதி உறையில் ஒட்டினேன். பிறகுதான் உன் உறையைப் பிரித்தேன். பால்பாண்டி பொம்மையை நகர்த்தி நகர்த்திப் பாறைக்குக் கொண்டுவந்தேன். பக்கத்தில் கலைச்செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னால் முடியவில்லைடா. அந்தப் பொம்மையை மறுபடியும் சாய்த்து வைக்க என் கை வரவில்லை. அவளைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கீழே அனுப்பிவிட்டுச் சீட்டைக் கிழித்தேன். 'பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்' என்று புதிதாக ஒன்று எழுதினேன். அடுத்த இரண்டிலும் அதே பாறை, அதே கிழிசல். பிளாஸ்டர் பொம்மையிடம்தானே பொய் சொல்கிறோம், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

மத்தியானம் ஸ்ரீஜித் கடிதத்தைக் கொடுத்துவிட்டு மோர் குடித்துக்கொண்டிருந்தான். நான் படித்து முடித்தேன். அவனிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. பேஸ் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டேன். என்னவென்று சொல்வேன் அங்கே? என் தம்பி ரகசிய வழியை எனக்கு எழுதினான், அந்த வழி சரியில்லை என்றா? உன் வாழ்க்கையே போய்விடும். அதனால், அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஐ.சி.யு.வில் இருக்கிறார், மகனை உடனே அனுப்புங்கள் என்று அழுதேன். அழுகை நடிப்பில்லை. அந்த ஆபரேட்டர் நல்ல மனுஷன், "தைரியமாக இருங்கள் அம்மா" என்று ஹிந்தியில் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப அழைத்து, 10ஆம் தேதி வண்டியில் உன்னைக் கீழே இறக்கிவிடுவார்கள் என்றார்.

அப்பா கீழே டி.வி. பார்த்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார். வந்து என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. நீ பிழைத்தாய், அது போதும். பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

சூடாமணி


ஜூலை 14

சூடாமணிக்கு,

ஃபோன் கையில் இருக்கிறது. உன்னோடு பேச விருப்பமில்லாததால் எழுதுகிறேன்.

10ஆம் தேதி என்னை வண்டியில் ஏற்றினார்கள். வழியெல்லாம் மண்சரிவு, பேஸுக்கு வர இரண்டு நாள் ஆயிற்று. இரண்டு நாளும் அப்பா போய்விட்டார் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். 12ஆம் தேதி மத்தியானம் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு அடித்தேன். அப்பாவே எடுத்தார். "யாரு? வெங்கிட்டுவா? சாப்பிட்டியோடா?" என்றார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. என்ன பேசினேன் என்று நினைவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே வயர்லெஸ் அறையிலிருந்து ஓர் ஆள் என்னைத் தேடி ஓடிவந்தான்.

எனக்குப் பதில் சுவாமிதாஸ் கூட்டிப்போயிருக்கிறான். மேடு மேடு என்று சொன்னவன், உத்தரவில் ஓடை என்று என் கையெழுத்து இருந்ததால் ஓடைக்குள்ளேயே இறங்கியிருக்கிறான். பால்பாண்டிதான் முன்னால். வளைவில் அந்தத் தட்டைப் பாறையில் கால் வைத்திருக்கிறான்.

இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. வலது கால் எப்படி ஆகும் என்று தெரியாது. ஹெலிகாப்டரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். புண்ணில் விஷம் ஏறியிருக்கிறது, பத்து நாள் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்கிறார்கள். நான் இருந்திருந்தால் பாறையில் வேறு யாராவது கால் வைத்திருப்பார்களா என்று தெரியாது. ஆனால் நான் அங்கே இருந்திருக்க வேண்டும்.

நீ எதற்காக அந்தப் பொய்யைச் சொன்னாய்? உனக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. என்ன தெரியும்? அது தெரிந்திருந்தால், என்னைக் கூப்பிட்டவள் அவர்களை ஏன் விட்டாய்?

கலைச்செல்விக்கு ஆபீஸிலிருந்து சொல்லிவிட்டார்கள். மீதியை நீதான் சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன்.

வெங்கிடேஷ்


வலியசாலை
ஜூலை 26

வெங்கிடேஷ்,

என் ஜூலை 8 கடிதம் இதற்குள் கிடைத்திருக்கும். என்ன தெரியும் என்று கேட்டதற்கு அதில் பதில் இருக்கிறது. ஏன் விட்டேன் என்பதற்கு அதில் இல்லை. இங்கே எழுதுகிறேன்.

8ஆம் தேதி அவர்கள் யாரும் என் நினைவுக்கே வரவில்லை. நீ வராவிட்டால் அந்த வேலையே நடக்காது என்று என் மூளை எப்படியோ முடிவு கட்டிவிட்டது. மறுநாள் லேபில் ஒரு கிழவருக்குப் பல் செட்டு அச்சு ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் சுரீர் என்றது. வெங்கிட்டு வந்துவிட்டால் மற்ற எட்டுப் பேர்? பால்பாண்டி? ஃபோன் பக்கத்திலேயே இருந்தது. நம்பரும் இருந்தது. திரும்ப அழைத்தால் முதல் பொய் வெளியே வந்துவிடும், உன்னைப் பாதி வழியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். சுவாமிதாஸ் மேட்டு வழியாகத்தான் போவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 9, 10, 11. மூன்று நாள் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். 12 ஞாயிறு. கலைச்செல்வி வந்தாள், பொம்மை நிற்பதைப் பார்த்துவிட்டு, நான் கொடுத்த அடையைச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடை வார்த்தேன். இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

பால்பாண்டியைப் பார்க்கப் பத்து நாள் கழித்துத்தான் வரச் சொன்னார்களாம், நாளை மத்தியானம் அவள் ரயிலேறுகிறாள். ஹிந்தி தெரியாதே என்று துணைக்கு நானும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். ஒன்றுமே தெரியாமல் அவள் மூன்று நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து வரக் கூடாது என்று, இன்று அவளை வரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். கிழித்த சீட்டு, உன் கடிதம், ஐ.சி.யு. பொய், மூன்று நாள் பேசாமல் இருந்தது, ஒன்றையும் விடவில்லை.

அவள் அழவில்லை. என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சீட்டு காரியம் விடுங்க சேச்சி. அது எனக்காகச் செஞ்சது, எனக்கு அறியும். நான் அங்க உக்காந்திருக்காட்டி நீங்க செஞ்சிருக்க மாட்டீங்க" என்றாள். நான் ஏதோ சொல்ல வந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தம்பிக்காக ஒரு பொய் சொன்னீங்க அல்லே? அந்த ஃபோனிலேயே இன்னொண்ணும் சொல்லியிருக்கலாமே சேச்சி. கலைச்செல்விக்குச் சுகமில்ல, புருஷனையும் கூட அனுப்புங்கன்னு. அதுக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது, வெங்கிடேஷ்.

சூடாமணி